பாடும் பாட்டும்

போன வாரம் குப்பத்திலிருந்து போன் வந்தது. என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பையன், இப்போது அங்கே பாடகர் குழுவை நடத்துகிறான். பையன் என்று சொல்கிறேன், அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

"சார், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு லிஸ்ட் போடணும். பதினெட்டுப் பாட்டு எழுதி வெச்சிருக்கேன். எல்லாத்துக்கும் மைனஸ் ட்ராக் இருக்குது. நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

பதினெட்டா என்று கேட்டேன். ஆமாம் என்றான். எட்டுப் பாட்டை அடித்துவிட்டு வா, மீதியைப் பேசுவோம் என்றேன். எதை அடிப்பது என்று தெரியாமல்தான் சார் போனே பண்ணினேன் என்றான். நியாயமான பதில். முப்பது வருஷம் அதே கேள்வியோடு நானும் நவம்பர் மாதங்களைக் கழித்திருக்கிறேன். அவனுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பழவேற்காட்டைப் பற்றி என் பழைய வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிலிக்காவுக்கு அடுத்து நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒரு பக்கம் தமிழ்நாடு, பெரும்பகுதி ஆந்திரா. நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல் திட்டில் வரிசையாகக் குப்பங்கள். போர்ச்சுகீசியர் 1515-இல் கட்டியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் ஒரு பக்கம், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இன்னொரு பக்கம். அந்தக் குப்பங்களில் ஒன்றின் சிறிய கோயிலில்தான் நான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூட வேலை நாலரை மணிக்கு முடியும். அதற்கு மேல் ஆர்மோனியம்.

எனக்குத் தெரிந்த சங்கீதம் கொஞ்சம்தான். சின்ன வயதில் எங்கள் கோயிலில் எல்லாம் லத்தீன். 'அதெஸ்தே ஃபிதேலெஸ்' பாட்டை ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் உரக்கப் பாடியிருக்கிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் அவரவர் மொழிக்கு இடம் கொடுத்தது. அதன் பிறகுதான் தமிழ்ப் பாட்டு கோயிலுக்குள் தாராளமாக வந்தது. ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெரியவர் டோனிக் சொல்ஃபா கற்றுக் கொடுத்தார். ஜான் கர்வென் என்ற ஆங்கிலேயப் போதகர் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. ஐந்து கோடும் புள்ளியும் தெரியாதவர்கள்கூட டோ, ரே, மீ எழுத்துகளைப் பார்த்து நாலு குரலில் பாடிவிடலாம். நம் ஊர்ப் பாடகர் குழுக்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது அதுதான்.

எங்கள் குழுவில் ஒரு சமயத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். பெண்கள் பதின்மூன்று, ஆண்கள் ஒன்பது. காகிதத்தில்தான் ஒன்பது. ஒத்திகைக்கு எத்தனை ஆண்கள் வருவார்கள் என்பதை நானோ சாமியோ முடிவு செய்ய முடியாது. ஏரிதான் முடிவு செய்யும்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் சுத்து வலை கட்ட முடியாது. 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்தக் குப்பத்துக்கு எந்த நாள், யாருக்கு எந்த இடம் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போகாமல் சுற்றி வரும். இறால் வலை பெரும்பாலும் இரவு வேலை. மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கி, முகத்துவாரம் திறந்து நீரோட்டம் நன்றாக இருந்தால் ஏரியே விழித்துக்கொள்ளும். அதுவும் திருவருகைக் காலமும் ஒரே சமயம். "இன்னிக்கு பாடு சார்" என்று சொல்லிவிட்டு என் டெனர் குரல்கள் மூன்றும் தோணி ஏறிப் போய்விடும். இவர்களுக்குப் பாடு என்றால் முறை, எங்களுக்குப் பாடு என்றால் பாட்டு என்று சாமி சிரிப்பார்.

இது புரியாமல் 1990-களின் நடுவில் ஒரு வருஷம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வருஷம் சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு ஹேண்டலின் 'மெஸையா' பாடக் கேட்டிருந்தேன். 1893 முதல் இருந்துவரும் குழு. அல்லேலூயா கோரஸ் வந்ததும் அரங்கமே எழுந்து நின்றது, எனக்குக் கண் கலங்கியது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், இந்த வருஷம் குப்பத்தில் இதுதான் என்று.

அந்தப் பாட்டில் சோப்ரானோ பெண்கள் உச்சத்தில் படிப்படியாக ஏறி அங்கேயே நின்று சுரத்தைப் பிடிக்க வேண்டும். கீழே மூன்று குரல்களும் அடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஏழு வாரம் பயிற்சி. நிகழ்ச்சியன்று முன்னிரவில் முகத்துவாரத்தில் நல்ல ஓட்டம் என்று செய்தி வந்தது. ஒன்பது ஆண்களில் நான்கு பேர் மிச்சம். டெனர் ஒரே ஒருவர், அவருக்கும் ஜலதோஷம். பெண்கள் மேலே ஏறினார்கள், கீழே தாங்க ஆளில்லை. பாதியில் இரண்டு குரல்கள் இரண்டு திசையில் போக, நான் ஆர்மோனியத்தை ஓங்கி அழுத்தி ஒருவழியாக முடித்து வைத்தேன். ஜனங்கள் நல்லவர்கள், கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர், "இன்னா சார், இங்கிலீஷ் பாட்டுல சண்டை போட்டுக்கினாங்களா?" என்று கேட்டார்.

பிற்பாடுதான் படித்தேன். மெஸையா முதன்முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13, டப்ளின் நகரில். கிறிஸ்துமஸுக்கே அல்ல. அல்லேலூயா கோரஸ் அதன் இரண்டாம் பாகத்தின் கடைசியில் வருகிறது, அதாவது பாடுகளும் உயிர்ப்பும் பாடி முடித்த பிறகு. பிறப்பைப் பாடுவது முதல் பாகம். கேட்டு நன்றாயிருந்தது என்பதற்காக எடுத்து வந்தேனே தவிர, எங்கே எதற்காகப் பாடுகிறார்கள் என்று பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் பற்றி விசாரிக்கிற பழக்கம் வந்தது. 'ஜாய் டு தி வேர்ல்ட்' பாட்டை ஐசக் வாட்ஸ் 1719-இல் 98-ஆம் சங்கீதத்தை வைத்து எழுதினார், அதில் மாட்டுத் தொழுவமும் இல்லை, மேய்ப்பர்களும் இல்லை. 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் பனிமேல் ஓடும் குதிரை வண்டியைத் தவிர வேறு எதுவும் இல்லை. பாடக் கூடாது என்று சொல்லவில்லை. என்ன பாடுகிறோம் என்று தெரிந்து பாடலாம் என்கிறேன்.

நம் கீர்த்தனைகளிலும் ஒரு தப்புச் செய்தேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வரும் கீர்த்தனை மரபு ராகத்தில் நிற்பது. ஒரே மெட்டு, அதன் வளைவுகளில்தான் உயிர். அதற்கு நாலு குரல் கட்டப் போனால் வளைவுகள் எல்லாம் நிமிர்ந்துவிடும், பாட்டு சவமாகிவிடும். கீர்த்தனையை எல்லாரும் ஒரே குரலாகப் பாடட்டும் என்று விட்டுவிட்டேன். இதெல்லாம் வித்தை சம்பந்தப்பட்டது. பாட்டுத் தேர்வு என்றால் உண்மையில் என்னவென்று எனக்குத் தெரிந்தது 2005-இல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பிறப்பு விழா முடிந்த மறுநாள் காலை. குடிலில் நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காலையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், மறுபடி எழுத மனமில்லை. நாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டால் எங்கள் பக்கம் இழப்பு குறைவு என்று அப்போது பேசிக்கொண்டார்கள். இழந்த வீட்டுக்குக் குறைவு, அதிகம் என்ற கணக்கு கிடையாது. எங்கள் குழுவில் கனத்த குரல்காரத் தம்பி ஒருவர். அவருடைய அம்மா கரையில் மீன் வாங்கி விற்பவர். அன்றும் வழக்கம்போலக் கரைக்குப் போனவர்தான். ஒத்திகை நாட்களில் அந்த அம்மா கூடையோடு வந்து வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். மகன் பாடி முடித்ததும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்த வருஷம் நவம்பர் வந்தது. மழையும் அந்த வருஷம் சும்மா விடவில்லை. சாமி என்னைக் கூப்பிட்டு, நிகழ்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே ஜனங்களோடு பேசிப் பாருங்கள் என்றார்.

கோயில் வாசலில் உட்கார்ந்தோம். பேச ஆரம்பித்த முதல் ஆளே முடித்துவிட்டார்.

"சாவு வூட்ல இன்னா சார் பாட்டு?"

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை இல்லை. இது நம் எல்லாருக்கும் பொது. வேதக்காரர் வீட்டிலும் அப்படித்தான், குப்பத்தில் அதற்கு மாற்றுக் கிடையாது. அதிலும் குப்பத்தில் எல்லாரும் மாமன் மச்சான், அத்தை, பெரியம்மா. ஒரு வீட்டுச் சாவு எல்லா வீட்டுச் சாவு. டிசம்பர் 26 வந்தால்தான் வருஷம் திரும்பும். கிறிஸ்துமஸ் அதற்கு முதல் நாள். ஒரு நாள் வித்தியாசம். பூசை உண்டு, அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேடை போட்டு, மைக் கட்டிப் பாடுவதா?

எனக்குப் பதில் இல்லை. கையில் வைத்திருந்த லிஸ்டைப் பார்த்தேன். எல்லாம் மகிழ்ச்சி, கொண்டாட்டம், மேளம். வாட்ஸின் பாட்டும் இருந்தது. அதன் இரண்டாம் சரணத்தில் வயலும் வெள்ளமும் மலையும் சேர்ந்து சந்தோஷத்தை எதிரொலிப்பதாக வரும். அவர் எடுத்துக்கொண்ட சங்கீதத்திலும் கடல் ஆர்ப்பரிக்கும், ஆறுகள் கைதட்டும். எவ்வளவோ வருஷம் பாடிய பாட்டு. அந்த வாசலில் உட்கார்ந்து அந்த வரியை நினைத்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. பேனாவை எடுத்து அதை அடித்தேன். அடுத்ததையும் அடித்தேன். கடைசியில் காகிதத்தில் பாக்கி ஒன்றுமில்லை.

அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த ஆயா பேசினார். எழுபதைத் தாண்டியவர். குப்பத்தில் பிள்ளை பிறந்தாலும் அவரைக் கூப்பிடுவார்கள், சாவு விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே வாயிலிருந்து வரும்.

"கொட்டு வேணாம், மேளம் வேணாம். சரி. தாலாட்டுக்கு ஏது தீட்டு? சாவு வூட்ல கொயந்த பொறந்தா தூங்க வெக்க மாட்டியா?"

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முதலில் பேசியவரே, "ஆயா சொல்றது சரிதான்" என்றார்.

அன்றிரவு லிஸ்டைப் புதிதாக எழுதினேன். ஒரே விதி. தாலாட்டாக இருக்க வேண்டும். தாலாட்டு இல்லாதது எவ்வளவு நல்ல பாட்டானாலும் வேண்டாம். இப்படி ஒரு விதி கிடைத்ததும் வேலை எவ்வளவு சுலபமாகிவிட்டது தெரியுமா? முதலில் ஆயாவே தனியாக, பக்கவாத்தியம் இல்லாமல், ஊர்த் தாலாட்டு. அடுத்தது 'அவே இன் எ மேஞ்சர்' தமிழில், குழந்தைகள் மட்டும். அதை மார்ட்டின் லூத்தர் தன் பிள்ளைகளுக்காக எழுதினார் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை, 1880-களில் அமெரிக்காவில் அச்சில் வந்த பாட்டு. மூன்றாவதாகத் தமிழ்த் தாலாட்டு ஒன்றை நீலாம்பரியில் அமைத்துக்கொண்டேன். தாலாட்டுக்கு நீலாம்பரி என்பது நம்மில் தொன்றுதொட்ட வழக்கம். பெண்கள் ஒரே குரலில்.

நாலாவதாக ஒன்றைப் பெருமையோடு கொண்டுபோனேன். ஒரு கன்னியாஸ்திரீ கொடுத்த கேசட்டில் கேட்டது, 'கவன்ட்ரி கேரல்'. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கவன்ட்ரி ஊர்த் தொழிலாளர்கள் நடித்த நாடகத்தில் வருகிற தாலாட்டு. பாடுவது மரியாள் அல்ல. ஏரோது மன்னன் கொல்லச் சொன்ன குழந்தைகளின் தாய்மார். பிள்ளையைத் தூங்க வைத்தபடியே அழுகிற பாட்டு. 1940 நவம்பரில் ஜெர்மானியர் குண்டு போட்டு அந்த ஊர்ப் பேராலயத்தை அழித்தார்கள். அடுத்த மாதமே, கிறிஸ்துமஸ் அன்று, அதே இடிபாடுகளுக்குள் நின்று இந்தப் பாட்டைப் பாடினார்கள், பி.பி.சி. ஒலிபரப்பியது. இதைவிடப் பொருத்தமான பாட்டு உலகத்திலேயே கிடையாது என்று எனக்குத் தோன்றியது.

பாடிக் காட்டினேன், கதையையும் சொன்னேன். ஆல்ட்டோ வரிசையில் இருந்த ஒரு பெண் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அத்த ஒரு வருசமா நாங்களே பாடினு தான் சார் கீறோம். புதுசா கத்துக் குடுக்கணுமா?"

கேசட்டை மூடி வைத்துவிட்டேன். பொருத்தமான பாட்டு என்று நான் நினைத்தது கேட்பவனுக்குப் பொருத்தம். பாடுகிறவர்களுக்கு அது சுமை. தூரத்தில் உட்கார்ந்து கேட்கிறவன் அழுவதற்காக, பறிகொடுத்தவர்களை நிற்க வைத்துப் பாடச் சொல்வது என்ன நியாயம்? அந்தப் பாட்டைப் பிறகு எந்த வருஷமும் நான் எடுக்கவில்லை.

கடைசிப் பாட்டு 'சைலன்ட் நைட்'. இதற்கு எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. தினமும் கேட்கிற பாட்டு, பிளாஸ்டிக் நட்சத்திரத்துக்குள் இருக்கும் சிப்கூட அதைத்தான் பாடுகிறது என்றார்கள் வாலிபர்கள். "ஆம்பள பாடற பாட்டா சார் இது? ஒரே தூக்கமா வருது" என்றான் ஒருவன்.

தூக்கம் வரத்தான் தாலாட்டு என்றேன். பிறகு அந்தப் பாட்டின் கதையைச் சொன்னேன்.

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்தில் ஓபர்ன்டார்ஃப் என்று ஒரு சின்ன ஊர். சால்சாக் ஆற்றங்கரை. ஊர் ஜனங்களின் பிழைப்பே படகுதான், உப்பு ஏற்றிப் போகும் படகுகள். நெப்போலியன் சண்டைகள் முடிந்த பிறகு 1816-இல் ஆற்றின் நடுவே எல்லைக்கோடு போட்டார்கள். அக்கரையில் இருந்த லாஃபன் வேறு நாடாகிவிட்டது. ஒரே ஊராக இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், படகுத் தொழில் நொடித்தது. அதே 1816-தான் ஐரோப்பாவில் கோடை வராத வருஷம். முந்தின வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து வானம் மூடி, பயிர் விளையாமல் பஞ்சம். அந்த வருஷம்தான் யோசப் மோர் என்ற இளம் குருவானவர் இந்தப் பாட்டை எழுதினார். அடுத்து ஓபர்ன்டார்ஃபுக்கு மாற்றலாகி வந்தார். 1818 டிசம்பர் 24 அன்று பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் சேவர் க்ரூபரிடம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னார். அன்று இரவே பாடினார்கள். எலி கடித்து ஆர்கன் கெட்டுப்போனது என்பதெல்லாம் பிற்பாடு சேர்ந்த கதை. ஆனால் கிதாரோடு பாடினது நிஜம். பாடின கோயிலும் படகுக்காரர்களின் காவலர் புனித நிக்கோலாஸ் பேரில் இருந்த கோயில். வெள்ளத்தில் பழுதுபட்டு அந்தக் கோயில் பின்னாளில் இடிக்கப்பட்டது, இப்போது அங்கே ஒரு சிறு நினைவுக் கோயில்தான் இருக்கிறது.

வாலிபர்கள் சத்தமில்லாமல் கேட்டார்கள். தூக்கம் வருகிறது என்று சொன்னவன், "அப்ப நம்ம ஆளுங்க பாட்டுதான் சார் இது" என்றான். "சாமி எழுதி, வாத்தியார் மெட்டுப் போட்டு, படகுக்காரங்க கேட்டது."

இன்னொன்றும் சொன்னேன். முதன்முதலில் பாடியபோது மோரும் க்ரூபரும் இரண்டு பேராக ஒவ்வொரு சரணத்தையும் பாடினார்கள். அதன் கடைசி இரண்டு அடியை மட்டும் பாடகர் குழு திருப்பிப் பாடியது. வலை இழுக்கும்போது அம்பா பாடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்குவார்கள். நாலு குரல் நோட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டு பேர் எடுக்க, எல்லாரும் வாங்க என்று அமைத்தோம். யாருக்குப் பாடு வந்து யார் போனாலும் வாங்குவதற்கு ஆள் இருக்கும். இருபது வருஷமாக நான் தேடிய வழி.

எடுத்துக் கொடுக்க யார் என்ற கேள்வி வந்தது. எல்லார் மனதிலும் ஒரே குரல்தான், யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"வருசம் திரும்பட்டும் சார்" என்றார்.

ஆயா சொன்னதைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வலையைப் பார்த்தார். டீ போட்டுக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். வேறு இருவரை எடுத்துக் கொடுக்க வைத்துப் பழக்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, டிசம்பர் 18. மேடை போடவில்லை, மைக் இல்லை, சீரியல் லைட் இல்லை. கோயில் முன் மணலில் பாய். நாலே பாட்டு, இருபது நிமிஷம். பக்கத்துக் குப்பத்து இந்து ஜனங்கள் வந்திருந்தார்கள், ஊரிலிருந்து பாய்மார் சிலரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆயா ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. நடுங்கியதும் நல்லதாயிற்று, தாலாட்டு அப்படித்தானே இருக்கும்.

கடைசிப் பாட்டுக்குச் சுருதி கொடுக்கும்போது எனக்குக் கை கொஞ்சம் உதறியது. அந்தப் பாட்டில் ஒரு சூது உண்டு. பஞ்சமத்தில் சாதுவாக ஆரம்பிக்கும். கடைசி அடியில் மேல் மத்தியமம் வரை ஏறி, அங்கிருந்து கீழ் சட்ஜம் வரை இறங்கும். ஆரம்பத்தில் தாராளமாகச் சுருதி வைத்துவிட்டால் கடைசியில் தொண்டை கிழியும். நன்றாகத் தாழ்த்தி வைத்தேன். அப்படி வைத்தால் உச்சம் சுலபம், ஆனால் கடைசியில் கீழே இறங்கும் சுரத்துக்குக் கனத்த குரல் வேண்டும். எங்களிடம் அந்த ஆழத்துக்கு ஆள் இல்லை. முதல் சரணத்தில் அந்த இறக்கம் காற்றாகப் போயிற்று.

இரண்டாம் சரணம். இருவர் எடுத்துக் கொடுத்தார்கள், குழு வாங்கியது. கடைசி இறக்கத்தில் எங்களுக்குப் பின்னாலிருந்து, ஜனங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் பின்னால் இருட்டிலிருந்து, அந்தக் கீழ்ச் சுரம் முழுசாக வந்து நின்றது. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று குழுவுக்குக் கண்ணால் சொன்னேன். நானும் திரும்பவில்லை. மூன்றாம் சரணத்திலும் வந்தது. அவர் முன்னால் வரவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் அலைச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து பாயைச் சுருட்டினார்கள். ஜனவரியில் அந்தத் தம்பி ஒத்திகைக்கு வந்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசினதில்லை.

சைலன்ட் நைட் பாட்டு 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறதாம். 1914-இல் போர் முனையில் இரு தரப்புச் சிப்பாய்களும் பதுங்குகுழியிலிருந்து பாடினார்கள் என்பார்கள். பெரிய பெரிய குழுக்கள் பெரிய அரங்குகளில் பாடுகின்றன. எனக்கு அது இருட்டிலிருந்து வந்த ஒரு கீழ்ச் சுரம்.

சரி, பையனின் பதினெட்டுப் பாட்டுக்கு வருகிறேன். நேற்று மறுபடி போன் பண்ணினான். மூன்று கேள்வி கேட்டுப் பார் என்றேன். அன்று யாருக்குப் பாடு, யார் நிற்பார்கள், அவர்களை வைத்து இந்தப் பாட்டு நிற்குமா? பாட்டு எதைச் சொல்கிறது என்று பாடுகிறவர்களுக்குத் தெரியுமா? இந்த வருஷம் குப்பத்தில் எந்த வீட்டில் என்ன நடந்தது, அந்த வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் இந்த வரி அவர்களைக் குத்துமா? மூன்றுக்கும் தாண்டி வருகிற பாட்டை வைத்துக்கொள். சந்தோஷ வருஷமாக இருந்தால் நன்றாகக் கொட்டு முழக்கிப் பாடு, அதில் தப்பே இல்லை. மைனஸ் ட்ராக்கை மட்டும் விட்டுவிடு. அது யாருக்காகவும் நிற்காது. பாடுகிறவன் மூச்சு வாங்கினாலும் நிற்காது, அழுதாலும் நிற்காது. உன் ஆர்மோனியம் நிற்கும்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஆறு பாட்டுதான் சார் தேறும்" என்றான்.

ஆறு போதும் என்றேன். நாலுகூடப் போதும்.